பஸ் ஓட்டத் தகுதியான இதயம்

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் இடது மார்புக்குக் கீழே வைத்தவர் எடுக்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் இரண்டு மூன்று துடிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்த கை, அங்கே வந்ததும் நின்றுவிட்டது. இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் சொன்னார். மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். பதினொரு வயதிலிருந்தே தெரியும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஓக்லாந்தில் குளிர் தொடங்கியிருந்த நேரம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நியூசிலாந்துக்கு வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. லின்ஃபீல்டில் ஒரு மரவீட்டின் பின்பாதியை ரென்டுக்கு எடுத்து இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் பத்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். இங்கே அந்தச் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தவர்கள் மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். நகரத்துப் பஸ் கம்பனி சாரதிகளைத் தேடுகிறது, பயிற்சியும் அவர்களே தருவார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் எழுதிக் கொடுத்தேன்.

எழுத்துப் பரீட்சை சுலபமாக முடிந்தது. மூன்று கிழமை பயிற்சியில் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை வளைக்கப் பழகினேன். அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அத்தனை நீளமான ஒரு பொருள் என் சொல் கேட்டு மெதுவாக மூலை திரும்புவது வகுப்பறையில் கிடைக்காத ஒரு சுகம். சீருடையும் தந்துவிட்டார்கள். அரைக் காற்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிடும் சொக்ஸும். அதை முதல்தரம் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். பயணிகளை ஏற்றும் லைசென்ஸுக்கு இனி ஒரே ஒரு தாள்தான் பாக்கி: டொக்டர் கையெழுத்து வைத்த உடல்தகுதிப் படிவம்.

அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தை நாங்களே நிரப்ப வேண்டும். பிளாக்ஹவுஸ் பேயில், கடைகளுக்குப் பின்னால் இருந்த டொக்டர் வீட்டின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து நிரப்பினேன். வலிப்பு வந்ததா, இல்லை. சலரோகம், இல்லை. எப்போதாவது இதய நோய் இருந்ததா? இல்லை. மூட்டுகளை வீங்க வைக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்ததா? இல்லை. பேனா எந்த இடத்திலும் தடுக்கவில்லை. ஒரு பொய்யை இருபத்தைந்து வருடம் சொல்லிவந்தால் கைக்கு அது பொய்யென்று தெரியாமல் போய்விடுகிறது.

பதினொரு வயதில் எனக்கு முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது கணுக்காலுக்கு வந்தது, பிறகு மணிக்கட்டுக்கு. காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை படுத்திருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, மகனின் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருக்கிறது, மாதமொருமுறை பெனிசிலின் ஊசி போடவேண்டும், விடவே கூடாது என்றார். ஒன்றரை வருடம் போட்டார்கள். மாதம் தவறாமல் நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைச் சனம் கவனிக்கத் தொடங்கியது. எனக்கு மேலே மூன்று அக்காமார். 'இந்த வீட்டிலை இதய வருத்தம் இருக்காம்' என்ற கதை பரவினால் அவர்களின் கலியாணம் என்னாவது? ஊசி நின்றது. கேட்டவர்களிடம், எனக்கு வந்தது நெருப்புக் காய்ச்சல், டைபாய்ட், என்று சொன்னார்கள். சில வருடங்களில் வீட்டுக்குள்ளேயும் அதற்கு அதுதான் பெயர்.

என் கலியாணத்தின்போது சாதகம் பொருந்தியது. சம்பளம், படிப்பு எல்லாம் விசாரித்தார்கள். இதயத்தை யாரும் விசாரிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நியூசிலாந்து விசாவுக்காகக் கொழும்பில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதும் இதே இரண்டு கேள்விகளுக்கு இதே இரண்டு 'இல்லை'களைப் போட்டேன். அங்கிருந்த டொக்டருக்கு வெளியே நீண்ட வரிசை. ஷேர்ட்டுக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தார். எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. ஒரு நாடு எங்களை ஏற்றுக்கொண்டது.

இப்போது இந்த டொக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார். அறுபது வயதிருக்கும், நீண்ட கைகள், கம்பளி மேலங்கி. "சட்டையைப் போடுங்கள்," என்றார். மேசைக்குப் போய் என் படிவத்தை முழுதாக வாசித்தார். ஒருதரம் வாசித்துவிட்டு இன்னொருதரம் வாசித்தார்.

"இதை அவசரத்தில் நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்," என்றார்.

படிவத்தை என் பக்கம் திருப்பி, தன் பேனாவை அதன்மேல் வைத்தார். "நான் கை கழுவிவிட்டு வருகிறேன். கொஞ்ச நேரமாகும். இன்னொருதரம் பார்த்துவிடுங்கள்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். கை கழுவும் தொட்டி அந்த அறைக்குள்ளேயேதான் இருந்தது.

அந்த அறையில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வேலியோரத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பயம் என்று சொன்னால் அது நோயைப் பற்றிய பயம் அல்ல. இங்கே 'ஓம்' என்று எழுதினால் கொழும்பில் எழுதிய 'இல்லை' பொய்யென்று ஆகிவிடும். யாராவது இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? எங்களைத் திருப்பி அனுப்பினால்? அந்த வருடம் ஊருக்குத் திரும்பிப் போவதென்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மனிதர் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். 'பொய்யன்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாணவன் பார்த்தெழுதியதைக் கண்டுபிடித்தபோது நான் ஒருநாளும் அறையை விட்டு வெளியே போனதில்லை. அதுதான் என்னை அசைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு இடத்திலும் வெட்டி 'ஓம்' என்று போட்டேன்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். எந்த வயதில், எத்தனை கிழமை, ஊசி எவ்வளவு காலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மயங்கி விழுந்ததுண்டா? இல்லை. படியேறினால் மூச்சு வாங்குமா? இல்லை. இரண்டும் உண்மை.

"இந்தச் சத்தத்தை நான் மாதத்தில் இரண்டு மூன்றுதரம் கேட்கிறேன்," என்றார். "இங்கே மாவோரிக் குடும்பங்களில், பசிபிக் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களில், பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் வருகிறது. தொண்டை நோவில் தொடங்கும். நெருக்கமான வீடு, ஈரமான வீடு. உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?"

"ஒன்பது பேர்," என்றேன். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த இழிவு என்று நான் நினைத்திருந்த ஒன்று, உலகத்தின் இந்த மூலையில் சாதாரணமாக இருந்தது. வெட்கப்பட்ட இருபத்தைந்து வருடம் திடீரென்று கொஞ்சம் முட்டாள்தனமாகத் தெரிந்தது.

கடைசியில் கேட்டுவிட்டேன். "இது குடிவரவுக் காரியாலயத்துக்குப் போகுமா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என் முன்னால் இருப்பது சாரதிகளுக்கான படிவம். இது லைசென்ஸ் கொடுப்பவர்களுக்குப் போகும். வேறெங்கும் போவதாக எனக்குத் தெரியாது." பிறகு, "ஆனால் இன்றைக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்," என்றார். "இதய டொக்டர் பார்க்கவேண்டும். கடிதம் தருகிறேன்."

ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க ஐந்து கிழமை ஆகும் என்றார்கள். டிப்போவில் போய்ச் சொன்னேன். மேற்பார்வையாளர் அதிகம் கேட்கவில்லை. கையெழுத்து வரும்வரை பஸ் கழுவு என்றார்.

அங்கேதான் சமோவாத் தீவுக்காரன் ஒருவனோடு பழகினேன். அவன் பதினைந்து வருடம் பஸ் ஓட்டியவன். முதுகு நோவில் கொஞ்ச நாள் ஓட்டக்கூடாது என்று அவனையும் கழுவ விட்டிருந்தார்கள். குழாயால் நான் தண்ணீர் அடிக்க அவன் நீளத் தும்புத்தடியால் தேய்ப்பான். மூன்றாம் நாள், "உனக்கு என்ன பழுது?" என்று கேட்டான். மனைவிக்கே சொல்லாததை அவனுக்குச் சொன்னேன். முன்பின் தெரியாதவனிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

அவன் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "என் தங்கைக்கும் அதுதான்," என்றான். "பதினாறு வயதில் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். இப்போது நாலு பிள்ளைகள். தேவாலயத்தில் அவள் பாடினால் யன்னல் நடுங்கும்." பிறகு கேட்டான்: "மனிசி என்ன சொல்கிறாள்?"

"அவளுக்குத் தெரியாது."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மறுபடி தும்புத்தடியை எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். கொடியில் அவளுடைய வெள்ளைச் சீருடைகளுக்குப் பக்கத்தில் என் அரைக் காற்சட்டை. அதில் சவர்க்காரக் கறையைக் கண்டுவிட்டுத்தான் கேட்டாள்.

"ஏனப்பா, பஸ் கழுவுறதுக்கோ உங்களை எடுத்தவங்கள்?"

"டொக்டர் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

"ஏன்?"

"நெஞ்சிலை ஒரு சத்தம் கேக்குதாம். வால்வு ஒண்டு சரியாப் பூட்டுதில்லை. சின்னனிலை வந்த வருத்தம்."

அவள் கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் குத்தாமல் வைத்துக்கொண்டு நின்றாள். "சின்னனிலையோ? உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"பதினொரு வயசிலை இருந்து."

"அப்ப எங்கடை கலியாணத்துக்கு முந்தியே," என்றாள். அது கேள்வியாக இல்லை.

என்னவோ சொல்லத் தொடங்கினேன். அம்மா, அக்காமார், அந்தக் காலத்துச் சனம் என்று. அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"ரெண்டு பிள்ளையளும் பிறக்கேக்கை ஆஸ்பத்திரியிலை கேட்டவை, தகப்பன் பக்கத்திலை ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு. நான் இல்லை எண்டு சொன்னனான். ரெண்டு தரமும் சொன்னனான். என்னைக்கொண்டு பொய் சொல்ல வைச்சிட்டீங்கள்."

ஈர உடுப்புகளைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மிச்சத்தை நான்தான் காயப்போட்டேன்.

பத்து நாள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். சாப்பாடு வந்தது, தேத்தண்ணி வந்தது, கதை மட்டும் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். அவர்களும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மறைத்ததற்கு நான் எனக்குள் சேர்த்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அந்தப் பத்து நாளில் ஒவ்வொன்றாகப் பிரயோசனமில்லாமல் போயின. அக்காமாருக்குக் கலியாணம் ஆகிவிட்டது, சரி. அதற்குப் பிறகு ஏன் சொல்லவில்லை? அதற்கு ஒரே மறுமொழிதான் இருந்தது. சொல்லாமல் இருப்பது பழகிப்போயிற்று. அவளுக்கு நான் சுகதேகியாகத் தெரிந்தேன், அப்படித் தெரிவது எனக்குப் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஓட்டிக்கொண்டு இருக்கேக்கை உங்களுக்கு ஏதும் நடந்தா, பின்னாலை இருக்கிற சனம் என்ன செய்யிறது?"

எனக்குச் சுருக்கென்றது. "நீர் சனத்தைப் பற்றித்தான் கேக்கிறீர். என்னைப் பற்றிக் கேக்கேல்லை."

"உங்களைப் பற்றிக் கேக்கிறதுக்கு எனக்கு இன்னும் கோவம் தீரேல்லை," என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம்தானோ தெரியாது. "எண்டைக்கு ஆஸ்பத்திரி?"

"வாற வியாழன்."

"நானும் வாறன். அவை சொல்லுறதை நான் என்ரை காதாலை கேக்கவேணும். நீங்கள் வந்து சொன்னா நான் நம்பமாட்டன்."

அது தண்டனைதான். ஆனாலும் எனக்குச் சுமை குறைந்தது.

அவளுடைய கேள்விதான் எனக்குள் நின்றது. அதுவரை நான் இதை ஒரு வேலைக்கான தடையாக மட்டுமே பார்த்திருந்தேன். எனக்குப் பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள், அவர்கள் என்னைப் பார்க்காமல் பேப்பர் வாசித்துக்கொண்டும் கண்ணயர்ந்தும் வருவார்கள், அப்படி அவர்கள் கண்ணயர்வதற்கு அந்தத் தாளில் இருக்கும் ஒரு கையெழுத்து காரணம் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. பொய்யை எழுதிக் கொடுத்திருந்தால் அது நாற்பது பேருக்கும் சேர்த்துச் சொன்ன பொய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில், நடப்பதற்கு ஏற்ற சப்பாத்தோடு வரவும் என்று இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சோடி தோல் சப்பாத்தும் ஒரு சோடி செருப்பும். சமோவாக்காரன் தன்னுடைய கான்வஸ் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தான். என் பாதம் இரண்டு அதற்குள் போகும். முன்னால் பேப்பரைச் சுருட்டித் திணித்து, கயிற்றை இறுக்கிக் கட்டிப் பார்த்தோம். "பறக்கவேண்டாம், நடந்தால் போதும்," என்றான்.

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். முதலில் இருட்டறையில் படுக்க வைத்து, நெஞ்சில் குளிரான பசையைத் தடவி, ஒலியால் இதயத்தைப் படம் பிடித்தார்கள். சாம்பல் நிறத் திரையில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் வால்வு என்றாள் நேர்ஸ். விஞ்ஞான வகுப்பில் கரும்பலகையில் நான் எத்தனையோதரம் வரைந்திருக்கிறேன், வலது அறை, இடது அறை, அம்புக்குறிகள். ஒருதரமும் அது என்னுடையது என்று நினைத்து வரைந்ததில்லை.

பிறகு மார்பில் அங்கங்கே மயிரை வழித்து, வயர்களை ஒட்டி, ஓடும் பட்டியில் ஏற்றினார்கள். நிற்கும் இடத்திலேயே நடக்கவேண்டும். மூன்று நிமிடத்துக்கொருதரம் பட்டி வேகம் கூடி, மலை ஏறுவதுபோல் முன்னால் உயரும். நெஞ்சு நோகிறதா, தலை சுற்றுகிறதா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இதய டொக்டர் பக்கத்தில் நின்று, இயந்திரம் கக்கும் நீளத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதை ஒத்த பெண். குறைந்த குரலில் கதைப்பவர்.

பயத்தை மறக்க ஒரு வழி செய்தேன். பயிற்சியில் பாடமாக்கிய பஸ் வழியை மனதுக்குள் ஓட்டினேன். நகரத்திலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு தரிப்பாக, எங்கே இடது, எங்கே சிக்னல் வெளிச்சம், எந்த மூலையில் பின்சில்லு ஓரக்கல்லில் ஏறும் என்று. பிளாக்ஹவுஸ் பே கடைகளைத் தாண்டும்போது வேர்வை கண்ணுக்குள் வந்தது. கால் சப்பாத்துக்குள் முன்னும் பின்னுமாக வழுக்கியது. "நிறுத்தட்டுமா?" என்று கேட்டார்கள். கடைசித் தரிப்புக்கு இன்னும் ஆறு இருந்தது. "வேண்டாம்," என்றேன்.

முடிந்ததும் டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு தாளில் இதயத்தை வரைந்து, ஓரிடத்தில் சின்ன அம்பு ஒன்றைப் பின்னோக்கிப் போட்டார். கதவு முழுதாகச் சாத்துப்படவில்லை, கொஞ்ச இரத்தம் திரும்பி வழிகிறது என்றார். இதயம் வீங்கவில்லை. தாளம் சீராக இருக்கிறது. "ஒரு சாரதி விஷயத்தில் நாங்கள் பயப்படுவது திடீரென்று நினைவு தப்புவதற்கு. அதற்கான அடையாளம் எதையும் நான் இன்றைக்குக் காணவில்லை. அவர் ஓட்டலாம். ஆனால் வருடத்துக்கொருதரம் இங்கே வரவேண்டும். மூச்சு வாங்கினாலோ, இதயம் தாறுமாறாக அடித்தாலோ, அந்த வருடம் முடியும்வரை காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே வரவேண்டும்."

மனைவி தன் ஆங்கிலத்தில் கேட்டாள். "அவர் சொல்லாமல் விட்டால்?"

டொக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அதற்கு என்னிடம் இயந்திரம் இல்லை," என்றார்.

அடுத்த கிழமை பிளாக்ஹவுஸ் பே டொக்டர் கையெழுத்து வைத்தார். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று கீழே எழுதினார். மனைவி அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சரி," என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

நாலரை வருடம் ஓட்டினேன். சில வருடம் மாசி என்ற புறநகர்ப் பக்கம், சில வருடம் எங்கள் பக்கம். என் பஸ்ஸில் தமிழ்ச் சனம் ஏறினால் சீருடையைப் பார்த்துத் தயங்கி, பிறகு முகத்தைப் பார்த்து, "தமிழோ?" என்பார்கள். "ஓம், ஏறுங்கோ," என்பேன். ஒருவர், பழைய மாணவனின் தகப்பன், "மாஸ்டர், நீங்களோ?" என்று கேட்டுவிட்டு எனக்காகத் தான் கூச்சப்பட்டார். எனக்குக் கூச்சமில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒவ்வொருதரமும் மனைவி கூட வந்தாள், ஒவ்வொருதரமும் ஒரு வருடக் கையெழுத்துக் கிடைத்தது.

எண்பத்தொன்பதின் முடிவில் ஒருநாள் காலை, லின்ஃபீல்டுக்கு மேலே ஏறும் தெருவில் ஒரு தரிப்பில் நிறுத்தினேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. குழந்தை வண்டியை ஏற்ற முடியாமல் நின்றாள். இறங்கிப் போய்த் தூக்கி உள்ளே வைத்தேன். என் இருக்கைக்குத் திரும்பியபோது மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் இதயம் தாளமில்லாமல், விட்டு விட்டு, பிறகு நாலைந்து சேர்த்து அடித்தது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நேர அட்டவணையில் ஏற்கெனவே இரண்டு நிமிடம் பிந்தியிருந்தது. பஸ்ஸை எடுத்தேன். மூன்று தரிப்பு ஓட்டினேன். நாலாவதில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, பயணிகளிடம் பஸ் பழுது என்று சொன்னேன். முன்னிருக்கையில் இருந்த ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கா?" என்று கேட்டார். "இல்லை, எனக்கு," என்றேன்.

அந்த மூன்று தரிப்பையும் நான் ஓட்டியிருக்கக்கூடாது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது சரியாகிவிடாது. மற்றதெல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். அந்த மூன்று தரிப்பின் தூரம் மட்டும் இன்னமும் எனக்கு அடிக்கணக்கில் தெரியும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டொக்டர். அவர் கேட்கும் முன்னமே எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று தரிப்பையும் சேர்த்து. மனைவி பக்கத்தில் இருந்தாள். அதைக் கேட்டதும் என் கையைப் பிடித்தாள், கோபமாகத்தான், நகம் பதிந்தது. ஆனால் விடவில்லை. இதயம் வீங்கத் தொடங்கியிருக்கிறது, தாளமும் தப்பியிருக்கிறது என்றார்கள். லைசென்ஸ் முடிந்தது. அடுத்த வருடம் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். கண் விழித்தபோது என் நெஞ்சுக்குள் கடிகாரம்போல் ஒரு டிக் டிக் சத்தம் கேட்டது. "இனி உங்கடை நெஞ்சு எனக்கு ஒண்டையும் ஒளிக்காது," என்றாள் மனைவி.

கம்பனி என்னைக் கைவிடவில்லை. யார் எந்தப் பஸ்ஸை எந்த நேரம் எடுப்பது என்று பட்டியல் போடும் அறையில் ஒரு மேசை தந்தார்கள். முதல் கிழமை, காலையில் டெலிபோன் அடித்தது. சாரதி ஒருவர், எனக்குப் பழக்கமானவர், நல்ல மனிதர். இன்றைக்கு வர முடியாது என்றார்.

"என்ன செய்கிறது?"

"ஒன்றுமில்லை. வெறும் சளி, தடிமன்தான். நாளைக்கு வந்துவிடுவேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு அறுந்தது.

"படியேறினால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

மறுமுனையில் ஒருதரம் இருமினார். பிறகு, "ஏன் கேட்கிறாய்?" என்றார்.

அவருடைய பஸ் புறப்பட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அந்த மூன்று தரிப்பின் கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.